சுதையும் நாரும்: ஆலயக் காரையின் வரலாறு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் காஹாங்கைக் கடந்து போவோர் இருமருங்கும் செம்பனைத் தோட்டங்களையே பெரிதும் காண்பர். அத்தகைய பசுமையின் நடுவே ஓர் ஆலயத்தின் கோபுரமோ விமானமோ தலைகாட்டினால், வாகனத்தில் இருப்போரின் கைகள் தாமாகவே குவிகின்றன. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது வழிவழியாக வந்த பழமொழியன்றோ!

அக்கோபுரங்களில் அருள்பாலிக்கும் தெய்வத் திருவுருவங்களுள் பெரும்பாலானவை கல்லால் ஆனவை அல்ல. செங்கல்லும் கம்பியும் உள்ளிருக்க, மேலே சாந்தை அப்பிக் கைவிரலாலும் சிறு கரண்டியாலும் உருக்கொடுக்கப்பட்ட சுதைச் சிற்பங்கள் அவை. குடமுழுக்கு நாளில் வந்து குவியும் பக்தப் பெருமக்கள் அவற்றின் வண்ணத்தைப் போற்றுவர். வண்ணத்தின் அடியில் இருக்கும் சாந்தைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. வண்ணம் மங்கினால் மீண்டும் தீட்டிக்கொள்ளலாம். சாந்து விண்டுவிட்டாலோ, விரிசலின் வழியே மழைநீர் இறங்கும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். திருவுருவத்தின் விரல் உதிரும், கை ஒடியும். அடியில் நின்று தொழுவோருக்கும் அதனால் தீங்கு நேரலாம். தோட்டத் தொழிலாளர் ஒவ்வொரு வெள்ளியாகச் சேர்த்துக் கொடுத்த திருப்பணிப் பணம் ஒரு சில பருவமழைக் காலங்களிலேயே கரைந்து போகும்.

சாந்து விள்ளாமல் நிற்பதற்கு முன்னோர் கண்ட வழிகளுள் ஒன்று, அதனுள் நார் சேர்ப்பது. எந்த நார், எவ்வளவு, எந்த நேரத்தில், எவ்வாறு கலப்பது என்பதிலேயே அதன் வெற்றி அடங்கியிருக்கிறது. பழங்காலக் காரை முதல் இக்காலச் சிமெண்டுச் சாந்து வரை நீளும் இவ்வரலாறு, ஆலயத் திருப்பணியில் ஈடுபடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

சுதை என்னும் சொல்

தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி புரிந்த முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எழுப்பிய கோயில் என்று அவனது கல்வெட்டு பெருமையுடன் அறிவிக்கிறது. இந்நான்கும் இல்லாமை ஒரு புதுமையாகச் சொல்லப்படுவதால், அதற்கு முன் இருந்த கோயில்கள் இந்நான்காலும் ஆனவை என்பது பெறப்படும். கருங்கற் கோயில்களுக்கு முன்னரே தமிழகத்தில் சுதைவேலை வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கல்வெட்டே சான்று.

கற்றளிகள் பெருகிய பின்னரும் சுதை மறைந்துவிடவில்லை. விசயநகர, நாயக்கர் காலங்களில் கோபுரங்கள் வானளாவ உயர்ந்தபோது, அடித்தளம் மட்டும் கருங்கல்லாகவும் மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகவும் அமைந்தன. பளுவைக் குறைப்பதற்கு அதுவே ஏற்ற வழி. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தின் தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஏறத்தாழ 170 அடி உயரமுடைய அதன் நிலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் நிறைந்துள்ளன. அதே மதுரையில் 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்கள் பளிங்குபோல் மின்னுவதற்கு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைச் சேர்த்துப் பூசிய மேற்பூச்சே காரணம் என்பர்.

சுண்ணாம்பு பக்குவம் பெற்ற முறை

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் இட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகிறது. மணலுடன் சேர்த்துச் சுவரில் பூசிய பிறகு, அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கல்லாகிறது. கல் நீறாகி, நீறு மறுபடியும் கல்லாகும் இந்தச் சுழற்சியே காரையின் அடிப்படை.

இச்சுழற்சிக்குக் காலம் பிடிக்கும். ஆகவே முன்னோர் அவசரப்படவில்லை. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஊற வைத்தனர். வட்டமான தொட்டியில் மணலோடு இட்டு, காளைகள் இழுக்கும் கல் உருளையால் வெண்ணெய் போலாகும் வரை அரைத்தனர். கடுக்காயை நசுக்கி ஊறவைத்த நீரையும், பனைவெல்லம் கரைத்த நீரையும் சேர்த்தனர். சர்க்கரைப் பொருள் இருந்தால் சுண்ணாம்பு நீரில் மிகுதியாகக் கரையும் என்பதும், முட்டை வெண்கருவின் புரதம் பூச்சினுள் நீர் புகுவதைக் குறைக்கும் என்பதும் இக்கால வேதியியல் ஒப்புக்கொண்ட செய்திகளாகும். வெல்லத்தின் அளவு மீறினால் சாந்து இறுகத் தாமதமாகும். அதனால்தான் அளவறிந்த மூத்த கொத்தனாரின் கண்பார்வையில் மட்டுமே இவ்வேலை நடைபெற்றது.

நார் வந்த வழி

சுண்ணாம்பாயினும் களிமண்ணாயினும் உலரும்போது சுருங்கும் இயல்புடையது. சுருங்கும் பூச்சைச் சுவர் பிடித்து நிறுத்துகிறது. பூச்சினுள் இழுவிசை எழுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் சாந்தால் இழுவிசையைத் தாங்க இயலாது. எனவே வெடிப்பு தோன்றுகிறது. இக்குறையை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தான். பண்டைய எகிப்தியர் செங்கல் மண்ணில் வைக்கோலைக் கலந்தனர். தமிழகத்துச் சிற்றூர்களில் மண்சுவர் எழுப்புவோர் வைக்கோலையோ உமியையோ சேர்த்துக் காலால் மிதித்துக் குழைத்தனர். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இங்கே சிறு துரும்புகள் ஒன்றுசேர்ந்து சுவரையே காத்தன.

நாரின் ஆற்றலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு மகாராட்டிர மாநிலத்தின் எல்லோராக் குகைகளில் கிடைத்துள்ளது. பௌத்த, இந்து, சமணத் திருவுருவங்கள் ஒருங்கே விளங்கும் அக்குகைகளின் மண்பூச்சில் கஞ்சாச் செடியின் தண்டுநார் கலந்திருப்பதை 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அந்நார் பூச்சுக்கு உறுதி தந்ததோடு பூச்சிகளையும் அண்டவிடாமல் காத்தது என்பது ஆய்வாளர் கருத்து. அந்நார் சேராத அஜந்தாவின் பூச்சில் பூச்சிகளால் பெருஞ்சேதம் விளைந்திருப்பதை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினர்.

கேரள ஆலயங்களிலும் அரண்மனைகளிலும் சுவரோவியம் தீட்டுவதற்கு முன் பல அடுக்குகளாகக் காரை பூசுவது மரபு. முதல் அடுக்கில் சுண்ணாம்பும் மணலும். அதன்மேல் வரும் அடுக்கில் பஞ்சையும் சேர்த்து இடித்துக் குழைத்தனர். ஓவியம் விரிசல் காணாதிருக்க வேண்டிய இடத்தில் மென்மையான பஞ்சு இழை. முரட்டுச் சுவருக்கு வைக்கோல். இடத்திற்கு ஏற்ப நாரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அக்காலக் கைவினைஞர்க்கு இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கடல் கடந்த காரை

இக்கலை தமிழரோடு கடல் கடந்தும் வந்தது. 1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது உடன்வந்த நாராயண பிள்ளை அங்கே செங்கற்சூளை அமைத்துக் கட்டுமானக் குத்தகையாளராக உயர்ந்தார். 1827இல் அவர் முயற்சியால் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்ததே சௌத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். 1843இல் அது செங்கற் கட்டடமாயிற்று.

ஜொகூரின் தென்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள அதே சிங்கப்பூரில் தென்னகக் காரையின் செய்முறை எழுத்திலும் பதிவாகியுள்ளது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856இல் தொடங்கிக் கட்டப்பட்டு, 1862இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. அக்கைதிகளை மேற்பார்த்த மக்நாயர் என்னும் பொறியாளர் 1899இல் வெளியிட்ட நூலில், உட்சுவர்க்கும் தூண்களுக்கும் பூசிய 'மதராஸ் சுண்ணாம்பு' பற்றி விவரித்துள்ளார். மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம் ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர் என்பது அவர் தரும் செய்தி. பெயர் அறியப்படாத அக்கைதிகளின் கைகளில் மதுரை மகாலின் செய்முறை தெம்மாசேக் மண்ணில் மறுவாழ்வு பெற்றது எனலாம்.

மலாயாவின் பிற ஆலயங்களும் இதே படிகளில் வளர்ந்தன. 1873இல் தோன்றிய கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் அத்தாப்புக் கொட்டகையாக இருந்து 1887இல் செங்கற் கட்டடமாயிற்று. இப்போதுள்ள ஆலயக் கட்டடம் 1968இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 75 அடி உயரமுள்ள அதன் ஐந்துநிலை இராசகோபுரத்தின் சிற்பங்கள் தென்னகக் கலைஞர்களின் கைவண்ணம். தோட்டப்புறத்து ஆலயங்களும் மரத்தடிச் சூலமாகவும் தகரக் கொட்டகையாகவும் தொடங்கிப் படிப்படியாகச் சுதை விமானம் கண்டவையே.

சிமெண்டு வந்த பிறகு

1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கில் இறுகும் சுண்ணாம்பின் இடத்தைச் சில மணி நேரத்தில் இறுகும் சிமெண்டு பிடித்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் கோபுரச் சிற்பங்களும் சிமெண்டுச் சாந்துக்கு மாறின. 2006 ஜனவரியில் பத்துமலையில் திறந்து வைக்கப்பட்ட 140 அடி உயர முருகப் பெருமானின் திருவுருவம் 1,550 கன மீட்டர் காங்கிரீட்டும் 250 டன் இரும்புக் கம்பியும் கொண்டது.

வலிமை கூடிய சிமெண்டுச் சாந்திலும் அந்தப் பழைய குறை நீங்கவில்லை. அதன் இழுவிசை தாங்கும் ஆற்றல் அழுத்தம் தாங்கும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. உலகெங்கும் பொறியாளர்கள் மீண்டும் நாரை நாடினர். 1901இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் சிமெண்டோடு அஸ்பெஸ்டாஸ் இழையைச் சேர்த்துத் தகடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகடுகள் உலகெங்கும் கூரைகளாயின. அந்த இழையின் தூசு நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பின்னரே உறுதியாயிற்று. பழைய அன்னதானக் கூடங்களைப் பிரிக்கும்போது, அத்தகடு உள்ளதா என்று முன்கூட்டியே அறிந்து, தகுதி பெற்றவர்களைக் கொண்டே அகற்றுவது இன்றியமையாதது. அவற்றை உடைப்பதும் அறுப்பதும் கூடா.

1963இல் அமெரிக்காவில் ரொமுவால்டியும் பாட்சனும் எஃகு இழைகள் காங்கிரீட்டில் விரிசலைத் தடுக்கும் முறையை விளக்கினர். அடுத்து வந்தது கண்ணாடி இழை. சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமெண்டின் காரத்தன்மை அரித்துவிடும். பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த மஜும்தார் என்னும் அறிவியலாளர் சிர்க்கோனியா சேர்ந்த கண்ணாடி இழை காரத்தைத் தாங்கும் என்று காட்டினார். 1971 முதல் அது வணிகப் பொருளாயிற்று. இதே காலப்பகுதியில் பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையும் சாந்தில் சேர்க்கப்படலாயிற்று.

பொருளும் அளவும்

நார் சேர்ப்பதால் சாந்து பாறைபோல் ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு. அழுத்தம் தாங்கும் ஆற்றல் அதனால் பெரிதும் கூடுவதில்லை. நாரின் பணி வேறு. விரிசல் ஒன்று மயிரிழையாகத் தோன்றும்போதே அதன் இரு கரைகளையும் பாலம்போல் இணைத்துப் பிடித்து, மேலும் விரியாமல் தடுப்பதே அதன் பணி. நாரற்ற சாந்து ஒரே அடியில் உடைந்து விழும். நாருள்ள சாந்து விரிசல் கண்டாலும் உடனே உதிராமல், பழுதுபார்க்க அவகாசம் தரும். கோபுரத்தின் உயரத்தில் நிற்கும் சிற்பத்திற்கு இந்த அவகாசம் மிகப் பெரிய பாதுகாப்பாகும்.

நார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. மெல்லிய பாலிப்ரோப்பிலீன் இழை, பூசிய முதற்சில மணி நேரத்தில் சாந்து சுருங்குவதால் எழும் நுண்விரிசலைத் தடுப்பதில் வல்லது. ஒரு கன மீட்டர் சாந்துக்கு ஏறத்தாழ 900 கிராம் போதும். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 100 முதல் 125 கிராம் வரை எனக் கணக்கிடலாம். எஃகு இழை இறுகிய பின் வரும் பளுவைத் தாங்க உதவும். ஆயினும் மேற்பரப்பில் தலைநீட்டினால் துருக்கறை படியும். ஆதலால் நுண்ணிய முகவேலைக்கு அது ஏற்றதன்று. காரம் தாங்கும் கண்ணாடி இழை மெல்லிய வார்ப்புகளுக்கு உகந்தது. சாதாரணக் கண்ணாடி இழையை விலை குறைவு என்று வாங்கினால், சில ஆண்டுகளில் அதன் பயன் அற்றுப்போகும்.

நாரின் நீளத்திற்கும் பருமனுக்கும் உள்ள விகிதமும் முக்கியம். மிகக் குட்டையான நார் பிடிப்பில்லாமல் உருவிக்கொள்ளும். மிக நீண்ட நார் ஒன்றோடொன்று சிக்கிப் பந்தாகிவிடும். எஃகு இழையில் நீளம் பருமனைப்போல் 100 மடங்கைத் தாண்டினால் கலப்பது கடினமாகிறது என்பது பொறியாளர் அனுபவம்.

மணலும் நீரும் தூய்மையாக இருத்தல் வேண்டும். களிமண் கலந்த மணல் மிகுதியாகச் சுருங்கும். மெர்சிங் கரையோரத்தில் கிடைக்கும் கடல்மணல் கண்ணைக் கவரும் வெண்மையுடையதாயினும், அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியையும் வலையையும் அரித்துவிடும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பொருள் தரமாக இல்லாதபோது நார் மட்டும் என்ன செய்ய இயலும்?

கலவையின் ஒழுங்கு

நல்ல பொருள்கள் அனைத்தும் இருந்தும் கலவை கெட்டால் வேலை கெடும். நார் ஓரிடத்தில் திரண்டு நின்றால் அங்கே காற்றுப்பொந்து உண்டாகும். அப்பொந்திலிருந்தே விரிசல் தொடங்கும். காப்பதற்காகச் சேர்த்த நார் அப்போது தீங்கிற்கு வழியாகிவிடும்.

சிமெண்டையும் மணலையும் முதலில் உலர்ந்த நிலையில் ஒரே நிறம் வரும் வரை கலத்தல் வேண்டும். பிறகு நீரைச் சேர்த்துக் குழைத்து, நாரை மொத்தமாகக் கொட்டாமல், விதை தூவுவதுபோல் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். கண்ணாடி இழை எளிதில் நொறுங்கும். ஆதலால் அதனை இறுதியில் சேர்த்து, சீராகப் பரவியதும் கலவைப் பொறியை நிறுத்திவிட வேண்டும். எஃகு இழையையும் இறுதியிலேயே மெல்லச் சேர்ப்பர்.

நார் சேர்ந்தவுடன் சாந்து கெட்டியாகத் தோன்றும். கரண்டிக்கு இணங்கவில்லை என்று வேலையாள் இன்னொரு வாளி நீரை ஊற்றுவது எங்கும் காணப்படும் வழக்கம். இந்த ஒரு வாளி நீரே பல சிற்பங்களின் ஆயுளைக் குறைத்துள்ளது. 1918இல் அமெரிக்காவைச் சேர்ந்த டஃப் ஆப்ராம்ஸ், சிமெண்டின் அளவுக்கு நீர் மிகுந்தால் வலிமை குறையும் என்பதை ஆய்வால் நிறுவினார். கெட்டித்தன்மையைத் தளர்த்த நீருக்கு மாற்றாகத் தளர்த்து மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. மணலின் அளவையும் நாரின் அளவையும் முன்கூட்டியே சோதித்துத் திட்டமிட்டால் அதற்கும் தேவை குறையும்.

பூசிய பிறகு குறைந்தது ஏழு நாள்களாவது ஈரம் காயாமல் காத்தல் வேண்டும். உயரத்தில் வெயிலும் காற்றும் மிகுதி. நனைத்த சாக்கைப் போர்த்துவது எளிய வழி. முன்னோர் சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்துக் காட்டிய பொறுமையை இக்கால வேலையிலும் ஏழு நாளாவது காட்டலாம் அல்லவா?

தென்னை நாரும் செம்பனைச் சாம்பலும்

பழங்காரையில் தாவர நார் நெடுங்காலம் நிலைத்திருக்க, சிமெண்டில் அதே நார் விரைவில் நொய்ந்து போவது ஏன் என்னும் வினா எழலாம். இதற்கு விடை காரத்தன்மையில் உள்ளது. மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு காற்றின் கரியமிலவாயுவை ஏற்றுக் கல்லாகும்போது அதன் காரத்தன்மை தணிந்துவிடுகிறது. அடர்ந்த சிமெண்டுச் சாந்தின் உட்பகுதியிலோ அது நெடுங்காலம் தணிவதில்லை. அந்தக் காரம் தாவர நாரின் பிணைப்புப் பொருளைக் கரைக்கிறது. மழையிலும் வெயிலிலும் மாறி மாறி நனைந்து உலரும்போது நாரின் உள்துளைகளில் சுண்ணாம்பு படிந்து அதனை விறைப்பாக்கி ஒடியச் செய்கிறது.

தாவர நார்களுள் தேங்காய் நார் இவ்வகையில் ஓரளவு தாக்குப்பிடிக்கக் கூடியது. லிக்னின் என்னும் மரப்பொருள் அதில் 40 விழுக்காடளவு உண்டு. ஆயினும் அது தன் எடைக்கு நிகரான நீரை உறிஞ்ச வல்லது. உலர்ந்த நாரை அப்படியே சேர்த்தால் சாந்தின் நீரை அது குடித்துவிடும். எனவே கழுவித் தூசு நீக்கி, ஒரே நீளத்தில் வெட்டி, நனைத்து வடித்த பிறகே சேர்த்தல் வேண்டும்.

காரத்தைத் தணிக்க இன்னொரு வழியும் உண்டு. சிலிக்கா மிகுந்த சாம்பலைச் சிமெண்டில் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்த்தால், அது மிகையான சுண்ணாம்போடு கூடி அதனை வலிமையான பொருளாக மாற்றிவிடும். உமிச்சாம்பல் அத்தகையது. செம்பனை ஆலைகளின் கொதிகலனில் எரிந்து வீணாகும் சாம்பலும் நன்றாக அரைக்கப்பட்டால் அத்தகையதே. ஜொகூர் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1990களிலேயே இச்சாம்பலைக் காங்கிரீட்டில் பயன்படுத்தும் ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர். காஹாங் வட்டாரத்து மக்களின் வாழ்வோடு பின்னிய செம்பனையின் கழிவு, ஒரு நாள் ஆலயச் சுதைக்கும் உதவக்கூடும் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

திருப்பணிக் குழுவினர் கவனத்திற்கு

ஜொகூரின் கிழக்குப் பகுதி வடகிழக்குப் பருவமழையின் முழு வேகத்தையும் தாங்குவது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் குளுவாங் உள்ளிட்ட மாவட்டங்கள் பெருவெள்ளத்தைக் கண்டன. ஆகவே நவம்பரில் மழை தொடங்கும் முன்னரே கோபுரத்தைப் பார்வையிட்டு, மயிரிழை விரிசல்களைக் குறித்துக்கொள்வது நன்று.

விரிசலை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஆந்திர மாநிலத்து ஸ்ரீகாளஹஸ்தி ஒரு பாடம். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அதன் இராசகோபுரம், பல ஆண்டுகளாக விரிசல் கண்டிருந்து, 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. புதிய கோபுரத்திற்கு 2017இல்தான் குடமுழுக்கு நடந்தது. அத்தகைய பேரிடருக்குப் பூச்சு மட்டும் காரணமன்று. அடித்தளமும் சுவரும் பலவீனமுறுவதே முதன்மை. நாருள்ள சாந்து மேற்பூச்சையே காக்கும். கட்டுமானத்தின் நோயை அது தீர்க்காது. ஆழ்ந்த விரிசல் கண்டால் பொறியாளரை அழைப்பதே முறை.

பழைய சுண்ணாம்புச் சுதையுள்ள இடத்தில் மேலே சிமெண்டைப் பூசி மறைப்பதும் தவறு. மென்மையான காரை ஈரத்தை வெளியேற்றும். கடினமான சிமெண்டு அதனை உள்ளே அடைத்துவிடும். உப்பும் ஈரமும் தேங்கி, ஒரு நாள் இரண்டும் சேர்ந்தே உரிந்து விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து. வேலூர் விஐடி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த பழங்காரையை ஆய்வாளர்கள் முறைப்படி சோதித்து வருவது இத்துறையில் நம்பிக்கை தருகிறது.

ஸ்தபதியோடு ஒப்பந்தம் செய்யும்போது சிற்பங்களின் எண்ணிக்கையையும் வண்ணத்தையும் மட்டும் எழுதாமல், சிமெண்டு, மணல், நீர், நார் ஆகியவற்றின் அளவையும், ஈரம் காக்கும் நாள்களையும் எழுதிக்கொள்ளலாம். வேலை தொடங்குமுன் ஒரு சிறு பலகையில் பூசிப் பார்த்து, சில வாரம் வெயிலிலும் மழையிலும் வைத்துச் சோதிக்கலாம். எந்தக் கலவை எந்த நிலையில் பயன்பட்டது என்பதை ஆலயக் குறிப்பேட்டில் பதிவு செய்தால், பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த திருப்பணிக்கு வருவோர் இருட்டில் தடவ நேராது. சிங்கப்பூரில் தேங்காய் மட்டை ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்தவர்களின் அறிவு இன்றும் அறியக் கிடைப்பது, அதை ஒருவர் எழுதி வைத்ததால்தான். எழுதி வைக்கப்படாத எத்தனையோ கொத்தனார்களின் அறிவு அவர்களோடே மறைந்துவிட்டது.

தனி நார் ஒன்றைக் கையில் எடுத்தால் குழந்தையும் அறுத்துவிடும். அதே நார் ஆயிரமாகச் சாந்தினுள் சீராகப் பரவி நிற்கும்போது, வானத்தில் நிற்கும் திருவுருவத்தின் விரல்நுனியையும் காக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே இதுவும். ஆலயத்திற்கு ஒரு வெள்ளி கொடுத்தவரின் காணிக்கையும் ஆயிரம் வெள்ளி கொடுத்தவரின் காணிக்கையும் அச்சாந்தினுள் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. அக்காணிக்கை தலைமுறை தாண்டி நிலைத்து நிற்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருளும், கலவையில் கவனமும் என்றும் துணை நிற்பனவாக.